பாதி திறந்தால் பாதி வராது

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மார்ஷல்டவுன் என்று ஓர் ஊர் இருக்கிறது. சினிமாவில் காட்டுகிற அமெரிக்கா அல்ல. சுற்றிலும் சோளக்காடு. ரொம்பச் சாதாரணமான ஊர். ஆனால் மணலியில் ஆகட்டும், ஜாம்நகரில் ஆகட்டும், சவுதியில் ஆகட்டும், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்க்கிற இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினீயர்களில் பாதிப்பேருக்காவது இந்த ஊரின் பெயர் தெரியும். வால்வின் மேல் அடித்திருக்கும் தகட்டில் படித்திருப்பார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் அந்த ஊருக்குள் ஒரு பெரிய தீ. தண்ணீர் தரவேண்டியது ஊரின் நீரேற்று நிலையம். நீராவியில் ஓடும் பம்புகள். அவற்றின் பக்கத்தில் வில்லியம் ஃபிஷர் என்கிற மனிதர். கிட்டத்தட்ட 24 மணிநேரம் அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நகர முடியாது.

ஏன்? தெருவில் இன்னொரு ஹோஸைத் திறந்தால் இங்கே அழுத்தம் விழும். உடனே நீராவி வால்வைக் கொஞ்சம் கூடத் திறக்க வேண்டும். அங்கே இரண்டு ஹோஸை மூடினால் இங்கே அழுத்தம் எகிறும். உடனே மூட வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஒன்று தண்ணீர் பீய்ச்சாது, இல்லாவிட்டால் ஹோஸ் கிழியும். ராத்திரி முழுக்க ஒரு கை வால்வின் மேல், ஒரு கண் அழுத்தமானியின் மேல்.

'இந்த வேலையை எதற்காக ஒரு மனுஷன் செய்யவேண்டும்?' என்று அவர் யோசித்தார். தண்ணீரின் அழுத்தமே போய் நீராவி வால்வைத் தள்ளுகிற மாதிரி ஒரு கருவி செய்தார். அழுத்தம் குறைந்தால் வால்வு தானாகத் திறக்கும். கூடினால் தானாக மூடும். 1880-ல் ஃபிஷர் கவர்னர் கம்பெனி பிறந்தது. கம்பெனி தன் பிறந்த கதையாகச் சொல்லிக்கொள்வது இதைத்தான். (1969-ல் அதை மான்சான்டோ வாங்கியது. 1992-ல் எமர்சன் வாங்கியது. காமர்ஸ் படித்தவனுக்கு இதைச் சொல்லாமல் தாண்ட மனசு வராது.)

வால்வின் மேலிருந்து மனுஷன் கையை எடுத்தாகிவிட்டது. சுபம் போட்டுவிடலாமா?

ம்ஹும். கை எடுத்த பிறகுதான் வில்லங்கமே ஆரம்பித்தது. ஃபிஷரின் கைக்கு ஒரு விஷயம் தெரியும். அவர் செய்த மெஷினுக்கு அது தெரியாது. வால்வைப் பாதி திறந்தால் பாதி தண்ணீர் வராது என்கிற விஷயம்.

சந்தேகமாக இருந்தால் உங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்குப் போங்கள். கீழே இறங்குகிற பைப்பில் ஒரு கேட் வால்வு இருக்கும். முதல் இரண்டு சுற்றிலேயே வரவேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி வந்துவிடும். அதற்குமேல் சுற்றுவதெல்லாம் கைக்கு எக்ஸர்சைஸ். உங்கள் கை இதைத் தானாகக் கற்றுக்கொள்கிறது. ஆரம்பத்தில் மெதுவாக, அப்புறம் அலட்சியமாகத் திருப்புகிறது. மெஷினுக்கு மெதுவும் அலட்சியமும் தெரியாது. எங்கே இருந்தாலும் ஒரே மாதிரிதான் திருப்பும்.

இதை முதலில் அனுபவித்தவர்கள் ஃபிஷருக்கும் முந்தியவர்கள். 1788-ல் லண்டன் ஆல்பியன் மில்ஸுக்குப் போன மாத்யூ போல்டன், அங்கே மாவு மில்லில் சுழல்கிற குண்டுகளை வைத்து அரைக்கும் கற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கட்டுப்படுத்துவதைப் பார்த்துவிட்டு, தன் பார்ட்னர் ஜேம்ஸ் வாட்டுக்குக் கடிதம் எழுதினார். வாட் அந்த யோசனையை நீராவி இன்ஜினுக்குக் கொண்டுவந்தார். இன்ஜின் வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து மேலே எழும். எழும்போது ஒரு நெம்புகோல் நீராவிப் பாதையிலுள்ள வால்வை மூடும். பிரமாதமான ஏற்பாடு. ஆனால் சில இன்ஜின்கள் அடங்கவே அடங்காது. வேகம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். 'ஹன்டிங்' என்று பெயர் வைத்தார்கள். வேட்டை நாய் மோப்பம் பிடித்து இங்கும் அங்கும் ஓடுகிற மாதிரி. 1868-ல் மாக்ஸ்வெல் (ஆமாம், மின்காந்தச் சமன்பாடுகளின் அதே மாக்ஸ்வெல்தான்) கவர்னர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, இந்த ஆட்டத்துக்குக் கணக்குப் போட்டார். ஃபேக்டரி ஃபிட்டர்களுக்கு அது எட்டவில்லை.

கொஞ்சம் வேகமாக 1930-களுக்கு வந்துவிடுவோம்.

எண்ணெய் ஆலைகள் பெருகுகின்றன. வால்வைத் திறந்துமூட உதரவிதானமும் ஸ்பிரிங்கும் வைத்த காற்று அழுத்தக் கருவிகள் வந்துவிட்டன. மாசசூசெட்ஸில் ஃபாக்ஸ்போரோ கம்பெனியின் க்ளெசன் மேசன் செய்த 'ஸ்டெபிலாக்' 1931-ல் சந்தைக்கு வந்தது. வால்வை இவ்வளவு திற, இவ்வளவு மூடு என்று அளந்து கட்டளை போடுகிற கருவி. கன்ட்ரோலர். போட்டிக் கம்பெனியான டெய்லரும் சும்மா இல்லை. ஆனால் வாங்கியவர்களுக்கு அதன் குமிழ்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. 1942-ல் டெய்லரின் ஆட்களான சீக்லரும் நிக்கல்ஸும் ஒரு வழி சொன்னார்கள். கன்ட்ரோலரின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போ. ஆட்டம் நிற்காமல் ஒரே சீராக ஆடுகிற இடம் ஒன்று வரும். அங்கிருந்து சுமார் பாதிக்குக் குறைத்து வை. அவ்வளவுதான். இன்ஜினீயரிங் கல்லூரிகளில் இன்றைக்கும் இதைச் சொல்லித் தருகிறார்கள்.

இந்த வழி ஒரு விஷயத்தை நம்பியிருக்கிறது. வால்வு எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். பகலில் ஆலை முழு லோடில் ஓடும்போது குமிழை வைக்கிறீர்கள். சாது மாதிரி ஓடுகிறது. ராத்திரி லோடு இறங்குகிறது. வால்வு கொஞ்சமாகத் திறந்திருக்கும் இடத்துக்கு வருகிறது. திடீரென்று பேயாட்டம். கன்ட்ரோலரில் எதுவும் மாறவில்லை. வால்வின் குணம் மாறிவிட்டது.

இந்தக் குணத்துக்குத்தான் 'ஃப்ளோ கேரக்டரிஸ்டிக்' என்று பெயர். வால்வின் தண்டு எவ்வளவு நகர்ந்தால் எவ்வளவு பாயும் என்கிற உறவு. அதை நிர்ணயிப்பது தண்டின் நுனியில் இருக்கும் அடைப்பானின் வடிவம். பிளக் என்பார்கள்.

தட்டையான மூடி மாதிரி பிளக் இருந்தால் கொஞ்சம் தூக்கியதுமே கொட்டும். பெயரே க்விக் ஓப்பனிங். திற, மூடு என்கிற வேலைக்குச் சரி. நிதானமான வேலைக்கு ஆகாது. 10 சதவிகிதம் தூக்கினால் 10, 50 தூக்கினால் 50 என்று வருகிற மாதிரி பிளக்கைக் கடைந்தால் அது லீனியர்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. நம் கதாநாயகன். ஈக்வல் பர்சன்டேஜ்.

பெயர் பயமுறுத்துகிறதா? உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சமாசாரம்தான். லீனியர் என்பது தனி வட்டி. ஈக்வல் பர்சன்டேஜ் என்பது கூட்டு வட்டி. ஒவ்வொரு மில்லிமீட்டர் நகரும்போதும், ஏற்கெனவே எவ்வளவு பாய்கிறதோ அதில் ஒரே சதவிகிதம் கூடும். வழக்கமான கணக்கில் தண்டு 10 சதவிகிதம் நகர்ந்தால், இருக்கிற பாய்ச்சலில் சுமார் 48 சதவிகிதம் கூடும். ஆரம்பத்தில் முதல் சின்னது, ஆகவே வட்டியும் சின்னது. கடைசியில் இரண்டுமே பூதம். பாதி திறந்தால் 14 சதவிகிதம்தான் பாயும். 80 சதவிகிதம் திறந்தாலும் பாதியைத் தொடாது. மிச்சம் மொத்தமும் கடைசி 20-ல் வரும்.

இப்படிக் கோணலாக நடக்கிற ஒன்றை எந்தப் புத்திசாலி வாங்குவான்? 1930-களிலும் 40-களிலும் வாங்க ஆரம்பித்தார்கள். ஏனென்றால் வால்வு தனியாக இல்லை. அதற்கு முன்னும் பின்னும் பைப் இருக்கிறது.

பைப்பிலும் உராய்வு உண்டு. பாய்ச்சல் இரண்டு மடங்கானால் உராய்வில் போகிற அழுத்தம் நாலு மடங்காகும். ஆகவே பாய்ச்சல் கூடக் கூட, பம்ப் தருகிற அழுத்தத்தில் பெரும்பங்கை பைப் விழுங்கிவிடும். வால்வுக்கு மிச்சம்மீதிதான். கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது கதை தலைகீழ். பைப்பில் உராய்வே இல்லை. முழு அழுத்தமும் வால்வின் தலையில் விடியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். முழுக்கத் திறந்த நிலையில் மொத்த அழுத்த இழப்பில் 90 சதவிகிதம் பைப்பில், 10 சதவிகிதம் வால்வில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே லீனியர் வால்வைப் போட்டால், 10 சதவிகிதம் திறந்ததுமே 30 சதவிகிதம் பாயும். 20 திறந்தால் 54. பாதி திறந்தால் 88! அதற்கப்புறம் முழுக்கத் திறந்தாலும் கூடுவது 12 சதவிகிதம்தான். ஒழுங்கான பிள்ளை என்று வாங்கி வந்த லீனியர், பைப்பில் மாட்டியதும் மொட்டைமாடி கேட் வால்வு ஆகிவிட்டது.

அதே இடத்தில் கோணல் பிள்ளையைப் போடுங்கள். 30 சதவிகிதம் திறந்தால் 20. பாதி திறந்தால் 41. 70 திறந்தால் 72. கிட்டத்தட்ட நேர்க்கோடு. பைப் ஒரு பக்கம் இழுக்கிறது, வால்வு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து நேராகிவிட்டது.

வெப்பப் பரிமாற்றிகளில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரு டம்ளர் பாலில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டால் தித்திக்கும். அதே ஸ்பூனை ஒரு குடம் பாலில் போட்டால் தெரியவே தெரியாது. கொஞ்சமாக எண்ணெய் ஓடும்போது துளி நீராவி கூடினாலும் சூடு எகிறும். நிறைய ஓடும்போது அதே துளி எதுவும் செய்யாது. ஆகவே பாத்திரம் பெரிசாகும்போது ஸ்பூனும் பெரிசாக வேண்டும். கூட்டு வட்டி வால்வு அதைத்தான் செய்கிறது.

இதற்காக எல்லா இடத்திலும் ஈக்வல் பர்சன்டேஜ் போட்டால் கதை கந்தல். பைப் சின்னது, அழுத்தம் பெரும்பாலும் வால்விலேயே விழுகிறது என்றால் கோணல் கோணலாகவே இருக்கும். அங்கே லீனியர்தான் சரி. இருந்தாலும் பழக்கதோஷத்தில் எதைக் கேட்டாலும் ஈக்வல் பர்சன்டேஜ் என்று எழுதிக்கொடுக்கிறவர்கள் உண்டு. வியாதி என்னவென்று கேட்காமல் மாத்திரை எழுதுகிற டாக்டர்கள்.

இன்னொரு பழக்கதோஷம் சைஸ். பைப்பைக் கணக்குப் போடுகிறவர் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட்டிப் போடுவார். பம்ப் வாங்குகிறவர் அதற்குமேல் கொஞ்சம். வால்வு வாங்குகிறவர் அதற்குமேல் கொஞ்சம். 1944-ல் மேசனீலன் கம்பெனி சி.வி. என்றொரு எண்ணைக் கொண்டுவந்தது. ஒரு பி.எஸ்.ஐ. அழுத்த வித்தியாசத்தில் நிமிடத்துக்கு எத்தனை அமெரிக்க காலன் தண்ணீர் பாயும் என்பதுதான் அது. எந்தக் கம்பெனி வால்வையும் எந்தக் கம்பெனி வால்வோடும் ஒப்பிடலாம் என்று ஆயிற்று. ஆனாலும் பயத்துக்கு எண் இல்லையே. ஆள் ஆளுக்குக் கூட்டிப்போட்டதில், வால்வு ஆயுசு முழுக்க 10, 15 சதவிகிதத் திறப்பிலேயே உட்கார்ந்திருக்கும். பிளக்கும் அது உட்காரும் சீட்டும் ஒன்றையொன்று கொத்திக்கொண்டு அரித்துப்போகும்.

சரி, தப்பான குணமுள்ள வால்வு மாட்டியாகிவிட்டது. இப்போது என்ன செய்வது? குணத்தை மாற்ற முடியுமா?

முடியும். நேர்வழி, உள்ளுறுப்பை மாற்றுவது. பழைய வால்வுகளில் பிளக்கையே வேறு வடிவத்தில் கடைந்து போடவேண்டும். 1960-களில் கேஜ் என்கிற கூண்டு பரவியது. பிளக் வெறும் உருளை. அதைச் சுற்றி ஜன்னல் வெட்டிய கூண்டு. ஜன்னலின் வடிவம்தான் குணம். கூண்டை மாற்றினால் குணம் மாறும். வால்வின் உடம்பை பைப்பிலிருந்து வெட்டி எடுக்க வேண்டாம். ஆனால் மேல்மூடியைக் கழற்ற வேண்டுமே. அழுத்தத்தை இறக்கி, லைனைக் காலி செய்து, வேலையை நிறுத்த வேண்டும். ஷட்டவுன் என்றால் மானேஜருக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு நாள் உற்பத்தி நின்றால் எத்தனை வால்வின் விலை என்று அவருக்கு மனப்பாடம்.

ஆகவே குறுக்குவழி. வால்வின் தோளில் பொசிஷனர் என்று ஒரு பெட்டி உண்டு. கன்ட்ரோலர் சொன்ன இடத்துக்குத் தண்டு வந்ததா என்று பார்த்து, வராவிட்டால் காற்றைக் கூட்டியோ குறைத்தோ தள்ளுகிற கணக்குப்பிள்ளை. அதற்குள் கேம் என்று ஒரு வளைந்த தகடு இருக்கும். அதை மாற்றிப்போட்டால், 50 சதவிகிதம் திற என்று கட்டளை வந்தால் தண்டு 14 சதவிகிதத்துக்குத்தான் போகும். உள்ளே இருப்பது லீனியர்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஈக்வல் பர்சன்டேஜ். 1990-களில் டிஜிட்டல் பொசிஷனர்கள் வந்த பிறகு தகடு கூட வேண்டாம். மெனுவில் போய் ஒரு வரியை மாற்றினால் போதும்.

நோகாமல் நோன்பு. ஆனால் இதில் இரண்டு குழி இருக்கிறது.

முதல் குழி, மறதி. கேமை மாற்றி நாலு வருஷம் ஓட்டுகிறார்கள். அடுத்த பெரிய ஷட்டவுனில் வேறு ஆள் வந்து, உள்ளே லீனியர் இருப்பதைப் பார்த்து, 'தப்பாச்சே' என்று ஈக்வல் பர்சன்டேஜ் கூண்டைப் போடுகிறார். கேம் அப்படியே இருக்கிறது. கூட்டு வட்டிக்கு மேல் கூட்டு வட்டி. பாதி திற என்று சொன்னால் தண்டு 14-க்குப் போகும். அந்த இடத்தில் வால்வு தருவது மூன்றரை சதவிகிதம்! 90 சதவிகிதம் திற என்றாலும் 28-தான் வரும். கடைசி 10-ல் 72 சதவிகிதமும் அணை உடைந்த மாதிரி பாயும். ஆபரேட்டர் கன்ட்ரோலரை ஆட்டோவிலிருந்து மானுவலுக்கு மாற்றிவிட்டு, தானே கையால் ஓட்ட ஆரம்பிப்பார். 1880-க்குத் திரும்பிப் போயாகிவிட்டது.

இரண்டாவது குழி இன்னும் நுட்பமானது. 40 மில்லிமீட்டர் நகர்கிற ஒரு வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறரை சதவிகிதப் பாய்ச்சல் வேண்டும். உலோகத்திலேயே வளைவு வெட்டிய ஈக்வல் பர்சன்டேஜ் என்றால் தண்டு 12 மில்லிமீட்டரில் நிற்கும். லீனியரை சாஃப்ட்வேரில் வளைத்திருந்தால் 2.6 மில்லிமீட்டரில் நிற்கும். இரண்டும் ஒரே பாய்ச்சல்தான். ஆனால் தண்டைச் சுற்றிக் கசியாமல் இருக்க பாக்கிங் இறுக்கியிருக்கிறார்களே, அது பிடித்துப் பிடித்து விடும். ஒவ்வொரு முறையும் தண்டு 0.4 மில்லிமீட்டர் துள்ளுகிறது என்று வையுங்கள். உலோக வளைவில் அந்தத் துள்ளலால் பாய்ச்சல் 4 சதவிகிதம் மாறும். சாஃப்ட்வேர் வளைவில் 15 சதவிகிதம் மாறும். மெனுவில் எத்தனை அழகாக வளைத்தாலும் உராய்வுக்கு மெனு படிக்கத் தெரியாது. அவசரத்துக்குக் கேமும் மெனுவும் சரி. அடுத்த ஷட்டவுனில் கூண்டை மாற்றிவிடுவதுதான் உத்தமம் என்பது என் கட்சி. மாற்றியதும் மறக்காமல் மெனுவில் லீனியருக்குத் திரும்பவேண்டும்.

இதெல்லாம் ஏதோ ஃபிட்டர்களின் தலைவலி என்று நினைத்துவிடாதீர்கள். 1980-களில் அமெரிக்க அணுமின் நிலையங்களைப் படுத்தியெடுத்த விஷயங்களில் இதுவும் ஒன்று. அணு உலை இருக்கிறதே, அது திடீர் திடீரென்று தானாக நின்றது. 'ட்ரிப்' என்பார்கள். அடிக்கடி காரணமாக வந்து நின்றது யார் என்று பார்த்தால், நீராவி ஜெனரேட்டருக்குத் தண்ணீர் விடுகிற ஏற்பாடு. அதுவும் குறிப்பாக, உலையைக் கிளப்பும்போது, குறைந்த சக்தியில்.

தண்ணீர் மட்டம் ரொம்ப இறங்கினால் உலையின் சூட்டை எடுத்துப்போக ஆள் இல்லை. ரொம்ப ஏறினால் நீராவியோடு தண்ணீரும் போய் டர்பைனைப் பதம் பார்க்கும். இரண்டில் எது நடந்தாலும் பாதுகாப்பு ஏற்பாடு உலையை நிறுத்திவிடும். முழுச் சக்திக்குத் தேவையான தண்ணீரை விடத் தோதான பெரிய வால்வு, குறைந்த சக்தியில் சீட்டை ஒட்டி ஊசலாடும். போதாக்குறைக்குத் தண்ணீர் மட்டம் பொய் சொல்லும். குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனதும் ஜெனரேட்டருக்குள் இருக்கும் நீராவிக் குமிழிகள் சுருங்கும். தண்ணீர் விட்டதும் மட்டம் ஏறுவதற்குப் பதில் முதலில் இறங்கும். பார்க்கிற ஆபரேட்டர் இன்னும் கொஞ்சம் விடுவார். சற்று நேரத்தில் மட்டம் அவர் தலைக்கு மேல்.

இந்த நிலையங்களில் பெரிய வால்வுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வால்வும் உண்டு. சக்தி 15, 20 சதவிகிதத்தைத் தொடும்வரை சின்னவன்தான் தண்ணீர் விடுவான். அப்புறம் பெரியவன் பொறுப்பேற்பான். தனித்தனியாக இரண்டு பேரும் நல்லவர்கள். சிக்கல், சின்னவனிடமிருந்து பெரியவன் கைக்கு மாறுகிற அந்தச் சில நிமிடங்களில். பல நிலையங்களில் அந்த மாற்றத்தை ஆபரேட்டர் கையால்தான் செய்துகொண்டிருந்தார். ஒரு கை ஒரு வால்வின் குமிழில், இன்னொரு கை இன்னொன்றில், கண் மட்டத்தின் மேல். எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் கம்ப்யூட்டர் கன்ட்ரோல் வந்து, இரண்டு வால்வின் வளைவுகளையும் ஒன்றாகக் கோத்து அந்தக் கைமாற்றத்தைத் தானே செய்ய ஆரம்பித்த பிறகுதான் அந்த வகை ட்ரிப்புகள் குறைந்தன.